பஸ்ஸை நிறுத்திய ஒல்லிக் குண்டெழுத்து

1

பெங்களூரு நெடுஞ்சாலையில் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் பறந்த கல்யாண பஸ்ஸை, வீட்டில் காலாட்டிக்கொண்டே, ஒற்றை வார்த்தையால் நிறுத்தியவன் நான், இன்பம். அதைப் பீற்றிக்கொள்ளத்தான் இந்தக் கதை. இலக்கியம் வளர்க்க அல்ல. முதல் வாசகர் என் தோஸ்த் ஷபீ அஹமது. மேல்விஷாரத்துக்காரர். முப்பது வருஷம் தோல் கம்பெனியில், தோலில் ஓட்டை தேடித் தரம் பிரித்தவர். ஓய்வுபெற்றபின் என் கதையில் தேடுகிறார். அவர் அடைப்புக்குறிக்குள் கிறுக்குவதை அழிக்காமல் விடுகிறேன்.

(நூற்றிருபதா? அறுபதைத் தாண்டினாலே அந்த பஸ்ஸுக்கு போல்ட்டு கழண்டுடும். — ஷ.அ.)

2

'ஆம்பூரின் அந்திவானம் பதனிட்ட தோலைப்போல் சிவந்து—'

வேண்டாம். இங்கே குரோம் உப்பில் ஊறிய தோல் தொட்டியிலிருந்து நீலமாகத்தான் வரும். ஊரே சிரிக்கும்.

அஃப்ஸர் ஜஹான் ஷூ கம்பெனியில் தையல் மிஷினை விட்டுவிட்டு, சர்வீஸ் ரோட்டில் பிரியாணிக் கடை போட்டவள். ஒரு வண்டியும் நிற்கவில்லை.

"இந்த மாசம் பார்ப்பேண்ணா. இல்லேன்னா மறுபடி மிஷின்தான். அந்த சூப்பர்வைசர் சிரிப்பான் பாரு, அதான் பேஜார்."

இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே போர்டுக்குக் கிடைத்தது நாலடி அகலம். 'அஃப்ஸர் ஜஹான் ஸ்பெஷல் சீரகச் சம்பா தம் பிரியாணி சென்டர்' முழுவதையும் ஃப்ளெக்ஸ் கடை தபஸ்ஸும் அதில் ஏற்றியிருந்தாள். எட்டு நிறம். இடம் பத்தாததால் மவுஸைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்கியிருந்தாள். நின்ற கோடெல்லாம் கம்பி, படுத்த கோடெல்லாம் கட்டை. லிஃப்ட்டில் மாட்டிய சம்பந்திகள்போல எழுத்துகள் விழி பிதுங்கின.

3

இது கட்டுரை. அவசரக்காரர்கள் தாண்டலாம்.

ஏற்றுமதி ஷூ பெட்டிகளில் விலாசம் எழுதியே நான் கிழவனானவன். பெட்டியின் பக்கம் ஒரு சாண். கிடங்கின் மறுகோடியில் நிற்பவன் படிக்க வேண்டும். எழுத்து ஒரே நேரத்தில் குண்டாகவும் ஒல்லியாகவும் இருக்கணும். கோடு தடிமன், உடம்பு ஒடுக்கம், வால் கொம்பு அலங்காரம் கிடையாது. நசுக்கினால் வராது, ஒடுக்கமாகவே புதிதாக வரையணும், உள்ளே வெளிச்சம் விடணும். இல்லையென்றால் ணகரத்தின் சுழியெல்லாம் அடைத்துத் தார் உருண்டையாகிவிடும். இப்படிப்பட்ட எழுத்து கத்தும். கத்தும்போது ஒரு வார்த்தைதான் எடுபடும்.

"அப்ப பிரியாணின்னு போடலாமாண்ணா?"

"அது இல்லாத போர்டு ஆம்பூர்ல எங்க இருக்கு? 'பாத்ரூம்'னு போடு."

"யா அல்லா! சாப்பாட்டுக் கடைண்ணா!"

"சுத்தமா வெச்சிருக்கியா?"

"எங்க வீட்டவிட ஜாஸ்தி."

மஞ்சள்மேல் கறுப்பாக வரைந்து கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் பனைமர உயரம்.

(ஆறடி. — ஷ.அ.)

4

அந்த ஞாயிறு கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பிய கல்யாண பஸ் போர்டைத் தாண்டி நின்று, ரிவர்ஸில் வந்தது. அஃப்ஸர் ஜஹான் போனில் கத்தினாள்: "முதல்ல ஒரு பெரியவர்ணா, கைக்குட்டையால மூஞ்சிய மூடிட்டு பாத்ரூமுக்கு ஓடினார். பின்னாலயே மொத்த பஸ்ஸும்! பொண்ணு வீட்டு விருந்துல கறி கம்மியாம். எங்க அண்டா காலி! இப்ப இன்னும் ரெண்டு வேன் நிக்குது. சூப்பர்வைசருக்கு ஒரு பார்சல் அனுப்பிட்டேன்!"

நானூறு பேர் சாப்பிட்டார்கள்.

(சீட்டே ஐம்பத்திரண்டு. — ஷ.அ.)

5

முடிவு ஒன்று: கடை மூடப்படுகிறது. விமர்சகர்கள் கண் கலங்குவார்கள். இரண்டு: தபஸ்ஸும் மவுஸைப் பாலாற்றில் வீச— எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, ஷபீயிடம் நீட்டினேன்.

"எழுத்தப் பாத்து பஸ் நிக்குமா இன்பம்? யாருக்குய்யா கதை உடுற?"

"சரி பாய். அந்த பஸ்ஸோட போல்ட்டு, சீட்டு எல்லாம் உமக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பேனாவை வாங்கினார். தாளில் மிச்சமிருந்தது விரல் அகல ஓரம்தான். எழுத்துகளை ஒடுக்கி, உயர்த்தி, இரண்டு முறை மேலே இழுத்துத் தடிமனாக்கி எழுதினார்:

(நடந்ததுதான். நிறுத்துன்னு கத்தினதே நான். — ஷ.அ.)