போதும் என்றது எதை

"டீயத்தான் போதும்னாரு. உங்க வீட்ட இல்ல. காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க?"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் வேலியோரம் படுத்திருந்த நாய் எழுந்து வேறு நிழலுக்குப் போனது. முன்வராந்தாவில், இரும்புக் கட்டிலில், அவள் கணவர் கழுத்துவரை போர்வையோடு கிடந்தார். டாக்டர் ஸ்கூட்டரில் வந்து, நாடி பிடித்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. வீடு பார்க்க வந்த இடத்தில், மரத்தடியில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். முன்பின் தெரியாதவர்கள் வீடு. மகன் டவுனிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அதுவரை தூணில் சாய்ந்து அழலாம், இல்லையென்றால் சண்டை போடலாம். அவளுக்கு வந்தது இரண்டாவதுதான்.

"நான் பொய் சொல்றவன் இல்லம்மா," என்றார் வீட்டுக்காரர். "மரத்தைப் பாத்தாரு, வீட்டைப் பாத்தாரு, போதும்னாரு. இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படிச் சம்மதம் சொல்லுவாரு? கடைசியா சொன்ன வார்த்தை. அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவருடைய கவலை புரியாததில்லை. இனிமேல் வீடு பார்க்க வருகிறவர்கள் முக்குக் கடையில் வழி கேட்டால், 'அந்த வீடா? பாக்க வந்த ஆளே அங்கதான் போய்ட்டாரு' என்று வழியோடு சேர்த்து அதுவும் கிடைக்கும். அதுவே, செத்தவர் வீடு பிடித்துச் சம்மதம் சொல்லிவிட்டுச் செத்தார் என்றால் கதை வேறு. வீடு விற்ற வீடாகிவிடும். சாவும் வாங்கினவர் வீட்டுச் சாவாகிவிடும். மனிதர் மர அறுவை மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஊர் மரத்தையெல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டு, தன் வீட்டைச் சுற்றி மட்டும் ஒரு காட்டை வளர்த்து வைத்திருந்தார். பேச்சையும் அளந்து அறுக்கத் தெரிந்தவர்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா," என்றான் தம்பி. வீட்டுத் தரகன். இந்த வீட்டைக் காட்ட அழைத்து வந்தவனும் அவன்தான். "மாமா பக்கத்துல இருக்கிறப்ப..."

"மாமாவுக்கு இப்ப எதுவும் கேக்காது. நீ வாய மூடு. ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு வர்றப்பவே கேட்டேனா இல்லையா? பக்கந்தான்க்கான்னு சொன்ன. எதுடா பக்கம்? டாக்டர் வந்து சேர்றதுக்குள்ள பிளாஸ்க்ல இருந்த டீயே ஆறிப்போச்சு."

சொன்ன பிறகுதான், டீயை மறுபடியும் தானே இழுத்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

"என்னைக் கேட்டா," தம்பி சமாதானம் பேசுகிற குரலில் ஆரம்பித்தான், "மாமா டீயையும் சொல்லல, வீட்டையும் சொல்லல. தேடினது போதும்னு சொல்லியிருப்பாரு. எத்தனை வீடு, எத்தனை வருஷம். அவருக்கும் அலுத்துப்போகும்ல. எனக்கே செருப்பு தேஞ்சு போச்சு."

"உன் செருப்பப் பத்தி இங்க யாரு கேட்டா?"

ஆக, ஒரு சொல்லுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். சொன்னவர் போர்வைக்குள் கிடந்தார்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் இந்த வீடு தேடும் கதை எல்லாருக்கும் மனப்பாடம். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தவர். மேலே தெரிந்ததெல்லாம் கிரீஸ் பூசிய கம்பியும் இருட்டும்தான். வேலையிலிருந்து நின்றதும், "மரத்தடியில ஒரு நாற்காலி போட்டு உக்காரணும். அண்ணாந்தா இலை தெரியணும்," என்றார். குடியிருந்ததோ ஐந்தாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. லிஃப்டுக்காரர் மூச்சு வாங்கப் படியேறுவது எல்லாருக்கும் அலுக்காத வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி வந்துவிடுவான். அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார். அவள் பிளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொள்வாள். மூன்று பேரும் பஸ் ஏறிப் பச்சை தேடிப் போவார்கள். பச்சை கிடைக்காமல் இல்லை. கிணறு இருந்த வீடு, ஓடை இருந்த வீடு, கொல்லை நிறைய எலுமிச்சை காய்த்த வீடு எல்லாம் கிடைத்தது. மறுநாள் துணி தைக்க அளவு கொடுக்க வருகிற பெண்கள் கதவைத் திறக்கும்போதே கேட்பார்கள்: "இந்த வாரம் என்ன நொட்டை சொன்னாரு?"

கிணற்றுத் தண்ணீரில் துரு வாசனை என்பார். வாசல் மேற்கே பார்க்கிறது, சாயங்கால வெயில் கண்ணில் குத்தும் என்பார். மரத்துக்கு வயசாகிவிட்டது, எந்த நேரமும் விழும் என்பார். ஒரு வீட்டில் குயில் விடாமல் கூவுகிறது, இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவது என்று கேட்டுவிட்டார். காலையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால்கூட எழுந்திருக்காத மனிதர். குயில் விஷயம் மாடி மாடியாக ஏறி இறங்கியது. லிஃப்டுக்காரர் என்ற பெயர் போய் நொட்டைக்காரர் என்று ஆனது. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அவளும் சேர்ந்து சிரிப்பாள். வாயில் ஊசி இருக்கிறவள் வேறு என்ன பேச முடியும்?

வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். வீட்டை விற்கச் சொல்லி நச்சரித்தது அவள்தான். ஆள் முகம் பார்க்க வேண்டுமென்றால் அரைநாள் நடக்க வேண்டியிருக்கிறது என்று வந்தவுடனேயே புலம்பித் தீர்த்திருந்தாள்.

"குடிம்மா. கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருக்கும்." டம்ளரை நீட்டியபடியே சொன்னாள். "தப்பா நினைக்காத. நான் அந்த ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன். நீ டீய ஊத்திக் குடுத்த. மூடியப் போட்டுத் திருகி, பிளாஸ்க்க மடியில வச்சுக்கிட்ட. அதுக்கப்புறம்தான் அவரு போதும்னாரு. மூடி வச்ச பிளாஸ்க்கப் பாத்து யாராவது போதும்பாங்களா?"

கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் தன் மனைவி உருப்படியாகச் சொன்ன முதல் வார்த்தை என்பதுபோல வீட்டுக்காரர் நிமிர்ந்தார். தம்பி பிளாஸ்கைப் பார்த்தான். அது கட்டில் காலருகே, மூடி இறுகத் திருகியபடி நின்றது.

அவள் தண்ணீரை வாங்கவில்லை.

மூடியின் விஷயம் அந்த வராந்தாவில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அதில் ஒருவர் போய்விட்டார்.

முதல் வீடு பார்த்தபோது அவளுக்குப் பயம் வந்தது. அழகான வீடுதான். ஆனால் சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. இங்கே யார் வந்து அளவு கொடுப்பார்கள்? மெஷின் ஓடாத நாளில் அவள் என்ன செய்வாள், யாரோடு பேசுவாள்? வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். பேசாமல் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் அவள் கையைப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் திரும்பி, கிணற்றுத் தண்ணீரில் துரு வாசனை அடிக்கிறது என்றார்.

அவ்வளவுதான் உடன்படிக்கை. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை. அவள் மூடியைத் திருகுவாள், அவர் ஒரு நொட்டை கண்டுபிடிப்பார். குயில்மேல் பழி போட்டதும் அப்படித்தான். அவருக்குக் குயில் பிடிக்கும். ஊர் முழுக்கச் சிரித்தபோது, 'நான் இல்ல, இவதான்' என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

இன்றைக்கும் அவள் மூடியைத் திருகினாள். அரை டம்ளர் டீ இன்னும் அவர் கையில் இருந்தது. அண்ணாந்து இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மூடி கிறீச்சிட்ட சத்தத்துக்குத் தலையைத் தாழ்த்தி அவள் கையைப் பார்த்தார். குழிக்குள்ளிருந்து மேலே இருக்கும் ஆளுக்குக் குரல் கொடுப்பார்களே, முறுக்கியது போதும், கையை எடு என்று, அந்தக் குரல்.

"போதும்."

என்ன நொட்டை சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். டம்ளர் சாய்ந்து டீ சட்டையில் கொட்டியது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏங்க, வேணாம்னா வாயத் திறந்து சொல்லுடின்னு முதல் வீட்டுலயே கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா நானும் கத்தியிருப்பேன், நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு அஞ்சாம் நாள் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்போமே. கூட வாழ்ந்த காலம் முழுக்க ஒரு சண்டைக்கு வராத மனிதர். வந்த ஒரே சண்டையில் ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு, பதில் கேட்காமல் போய்விட்டார். இனி இவள் யாரிடம் கத்துவது? அதனால்தான் டீயைப் பிடித்துக்கொண்டு கண்டவரிடமும் கத்திக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. சந்து குறுகல். கிளைகள் கூரையை உரசிக்கொண்டே வந்தன. மகன் இறங்கினான், செல்போன் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தவன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த நேரம் மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டு அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாவம், அப்பா முகம் அப்படியே அவனுக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவன் ஆரம்பித்துவிட்டான். "இனிமே நீ தனியா இருக்க வேணாம்மா. எங்க வீட்டுக்கு வந்துடு. அந்த அஞ்சாவது மாடிய விட்டுடலாம்."

"மெஷின எங்க போடறது?"

"மெஷின் எதுக்கும்மா இன்னும்? உக்காந்து சாப்பிடு. அத யாருக்காவது குடுத்துடலாம்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்பா முகம் இருக்கிறது, அப்பா கண் இல்லை. அவர் மூடி திருகுகிற சத்தத்திலேயே புரிந்துகொள்வார். இவனுக்கு உடைத்துச் சொன்னாலும் ஏறாது.

நான்கு பேராகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். தம்பி தலைமாட்டில் ஏறிக்கொண்டான். அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு படியில் கால் வைக்கும்போது வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணும்மா. அந்த நாற்காலியையும் போட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க வேணாம்."

மரத்தடியில் அந்த நாற்காலி தனியாக இருந்தது. ஓர் இலை விழுந்து அதில் உட்கார்ந்திருந்தது.

அவள் படியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "நாற்காலி என்ன பண்ணுச்சு?"

"இல்ல, நாளைக்குப் பாக்க வர்றவங்க..."

"யாரு வர்றா பாக்க?" குரல் மறுபடியும் ஏறியது. "போதும்னாரு, போதும்னாருன்னு இவ்வளவு நேரம் ஒத்தக் கால்ல நின்னீங்க. கடைசி வார்த்தை, மரியாதைன்னீங்க. அப்புறம் பேசி முடிஞ்ச வீட்ட எவனுக்குக் காட்டப் போறீங்க? நாற்காலி அங்கதான் கிடக்கும். மழை பெஞ்சாலும் அங்கதான் கிடக்கும். கை வச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

இதுவரை வந்தது என்ன கோபம் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை.

"அக்கா," தம்பி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "டீயத்தான்னு நீதான..."

"நீ தலைய உள்ள இழு. கிளை அடிக்கும்."

அடுக்குமாடியில் யாரும் நம்பவில்லை. நொட்டைக்காரர் செத்த இடத்திலேயே அவர் மனைவி குடிபோவதா என்று எல்லா மாடியிலும் பேசி முடித்து, கோபத்தில் சொன்னது, ஆறிவிடும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ஆறவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் விட்டுப்போன ஐந்தாவது மாடி வீட்டுக்கு அந்த வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் வந்துவிட்டார்கள். லிஃப்ட் இருக்கிறது என்று தம்பி அவர்களிடம் சொன்னானே தவிர, ஓடும் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரம்மா படிக்குப் படி திட்டிக்கொண்டே ஏறுகிறாள். ஏறி ஜன்னலில் உட்கார்ந்துவிட்டால், சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை. வீட்டுக்காரர் பால்கனியில் பத்துத் தொட்டி வைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரர்களோடு தண்ணீர் சொட்டுகிற வழக்கில் இருக்கிறார். தம்பி ஒரு வீட்டைக் காட்டப் போய் அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அந்தப் பெண் வீடு இன்னும் விற்கவில்லை. மகன் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறான்.

யார் வந்து அளவு கொடுப்பார்கள் என்று அவள் பயந்தாளே, அடுக்குமாடிப் பெண்கள் இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள். பாதி துணி தைக்க, பாதி வேவு பார்க்க. நாற்காலி அதே இடத்தில் இருக்கிறதாம், வெயிலில் நிறம் போய். அதில் அவள் உட்காருவதுமில்லை, வருகிறவர்களை உட்கார விடுவதுமில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு டீ ஊற்றித் தருகிறாள். டீ ஆறித்தான் இருக்கிறது, ஏனென்றால் பிளாஸ்கில் மூடி இல்லை. கேட்டால், தொலைந்துவிட்டது என்கிறாள்.

தொலையவெல்லாம் இல்லை. மெஷின்மேல், கைக்கு எட்டுகிற இடத்தில், மல்லாந்து கிடக்கிறது. அதற்குள்தான் குண்டூசியெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள். வாயில் கவ்விக்கொள்கிற பழக்கத்தை விட்டுவிட்டாளாம்.