சூரியன் பேரில் பொய்ச்சாட்சி

நண்பகலில் செக்ஸ்டன்ட் கருவியோடு சூரியனின் உயரத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்கப் போன இரண்டாம் அதிகாரி ஹரூப், திரும்பி வந்து எப்போதும்போலச் சொன்னான். "ஜிபிஎஸ்ஸும் சூரியனும் ஒரே இடத்தைத்தான் காட்டுது கேப்டன். இம்மி பிசகல."

சான்சிபாரிலிருந்து தெற்கே முட்வாராவுக்குப் போகும் சரக்குக் கப்பல் அது. ஜிபிஎஸ் கணக்குப்படி பவளப்பாறைகளைத் தாண்டி வெகுதூரம் தெற்கே வந்தாயிற்று. ஆனால் கேப்டன் ரிஸிக்கியின் கண்ணெதிரே கடல் வெள்ளையாய் நுரைத்துக்கொண்டிருந்தது. பாறை!

அவள் போட்ட கூச்சலில் சுக்கான் பிடித்தவன் கப்பலைச் சட்டென்று திருப்பினான். மயிரிழையில் தப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் ரிஸிக்கி ஹரூப் பக்கம் திரும்பினாள்.

"ஜிபிஎஸ்ஸை எவனோ எங்கிருந்தோ குழப்பி விட்டிருக்கான், சரி. சூரியனையுமா குழப்பிட்டான்?"

ஹரூப் செக்ஸ்டன்ட்டை மேசைமேல் வைத்தான்.

"நீ அளக்கவே இல்ல. ஜிபிஎஸ் சொன்ன இடத்தை வச்சுக்கிட்டு, அங்க சூரியன் எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு கணக்குப் போட்டு வந்து ஒப்பிச்சிருக்க. அப்படித்தானே?"

"எல்லாக் கப்பல்லயும் இப்படித்தான் கேப்டன்..."

"வாயை மூடு! ஜிபிஎஸ் பொய் சொன்னா பிடிக்கத்தானே உன்னைச் சூரியனைப் பாக்கச் சொன்னேன்? அந்தப் பொய்க்கே சாட்சி சொல்லிட்டு வந்து நிக்கிற!" செக்ஸ்டன்ட்டை அவன் கையில் திணித்தாள். "இப்ப அள. என் கண்ணு முன்னால அள."

ஹரூப் அதைத் தூக்கிக் கண்ணில் வைக்கப் போனான். வெயிலை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

ரிஸிக்கி அவன் கையைத் தட்டிவிட்டாள். "கப்பலைக் குருடாக்கினது போதாதா? கண்ணையும் அவிச்சுக்கப் போறியா?"