ஹிராமேயின் கண்

மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்கும் படத்தில் வரைகிறவரின் பெயர் வரும். பதிப்பாளர் பெயரும் வரும். பலகைமேல் குனிந்தே முதுகு வளைந்துபோன செதுக்குகிறவன் பெயர் மட்டும் வராது. இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு என் தொண்டைதான் வறண்டது.

ஓவியர் ஷுன்டெய், இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும் தட்டை மீனான ஹிராமேயின் படத்தோடு வந்த அன்றும் கேட்டேன்.

"வாத்தியாரே, இந்த மீனுக்காவது ஓரத்துல என் பேரைப் போடுங்களேன். நகத்தளவு போதும்."

"ஒரு மீனுக்கு ரெண்டு அப்பனாய்யா? வேலையைப் பாரு."

எரிச்சலில் தாளை வெடுக்கென்று வாங்கிப் பலகையில் ஒட்டினேன். குப்புற ஒட்டினால்தான் அச்சில் நேராக விழும். மெல்லிய தாள், மை மறுபக்கம்வரை ஊறியிருந்தது. செதுக்க வேண்டிய பெயரை எழுதிய சீட்டைப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தார்; அதற்குப் பலகை ஓரத்தில் இடம் விட்டிருந்தேன். எது முகம், எது முதுகு என்று காட்ட ஓர் எழுத்தும் இல்லை. மீனின் தலை இடப்பக்கம் இருந்தது. தட்டில் வைக்கும் மீன் அப்படித்தானே இருக்கும்? எனக்கு உறுத்தவே இல்லை. ஒன்பது நாள் செதுக்கினேன்.

முதல் அச்சை உரித்தெடுத்த அச்சடிப்பவன் ரொகுசோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, கண்ணு இடப்பக்கம்னா ஹிராமே, வலப்பக்கம்னா காரெய். நண்டுசிண்டுக்கெல்லாம் தெரியும். இவரு யாருண்ணே? வலப்பக்கம் கண்ணு, வாய் நிறையப் பல்லு! காரெய்க்கு ஏது இம்மாம்பெரிய வாய்?"

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தாளைக் குப்புற ஒட்டாமல் நிமிர்த்தி ஒட்டியிருக்கிறேன்! முதல் வருடத்துக்காரன்கூடச் செய்யமாட்டான். மூலப்படமும் செதுக்கும்போதே மரச்சுருளோடு சேர்ந்து போய்விட்டது.

"செர்ரிப் பலகையை அடுப்புலயா வைக்கிறது?" என்றார் பதிப்பாளர் தொகுபெய். "நாளன்னைக்கு மீன்சந்தையில திருவிழா. அச்சடிங்க, விக்கிறது விக்கட்டும்."

மீன்சந்தையில்! அங்கே குழந்தைகூடச் சிரிக்குமே.

ஷுன்டெய் வந்து அச்சைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ சாவகாசமாகத் தூரிகையை நனைத்து, பெயர்ச்சீட்டை எழுதி என் முன்னால் வைத்தார்.

'மட்சுகொரோ.' உள்ளங்கை அகலத்துக்கு என் பெயர். அவர் பெயர் எங்குமே இல்லை.

"வாத்தியாரே, வேணாம். உங்க கால்ல விழுறேன்."

"ஏன்யா? நான் வரைஞ்சது ஹிராமே. இது நீ பெத்தது."

"பேரில்லாத படத்தை எவன் வாங்குவான்?" என்றார் தொகுபெய். "சாயங்காலத்துக்குள்ள வெட்டிக் குடு."

அழுகையும் ஆத்திரமுமாக உளியை எடுத்து என் பெயரை நானே செதுக்கினேன். கையாவது கொஞ்சம் நடுங்கியிருக்கலாம். பாழாய்ப்போன கை! நான் செதுக்கியதிலேயே அவ்வளவு சுத்தமாக வந்தது அந்தப் பெயர்தான்.