செல்லாத முழுக்கு

கல்லூரித் தலைவரான என் கணவர் அசரியா டால்பர்ட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கல்லூரி அறங்காவலர்கள் எங்கள் வீட்டில் பன்றித் தொடைக்கறியும் சோளரொட்டியும் ஒரு பிடி பிடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பழங்கதையை எடுத்துவிட்டார்.

பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் வாங்க ஆற்றங்கரையில் போய் நின்றாராம். வரவேண்டிய எங்கள் பாப்டிஸ்ட் சபைப் போதகரின் குதிரை நொண்டிவிட்டது. அந்த வழியாக வந்த, தலையில் தண்ணீர் தெளித்தே ஞானஸ்நானம் கொடுக்கும் மெதடிஸ்ட் போதகரை மறித்து, "தெளிக்கிற வேலையெல்லாம் வேணாம், முழுசா முக்குங்க" என்று கேட்டு முழுகினாராம்.

"பாவம், மனுஷன் என்னைவிட அதிகமா நடுங்கிட்டாரு!" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. லெமுவேல் ஸ்ட்ரவுட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

லெமுவேல் இன்று அறங்காவலர் தலைவன், சபைக் காரியங்களை நடத்தும் டீக்கன், மாவு மில் முதலாளி. எங்கள் கல்லூரிக்கு வந்தபோது காலில் செருப்பில்லை. நாலு வருஷம் என் அடுப்படியில்தான் சாப்பிட்டான்.

தண்ணீர் அதே தண்ணீர், ஆழம் அதே ஆழம். ஆனால் முக்கி எடுத்த கை பாப்டிஸ்ட் கையாக இல்லாவிட்டால் அது முழுக்கே இல்லை என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. முழுக்கு செல்லாதவன் சபையில் இல்லை. சபையில் இல்லாதவன் கல்லூரித் தலைவராக இருக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியை எழுதியவரே என் கணவர்தான். செங்கல் சுட்டு, கூரை போட்டு, கிரேக்கம் சொல்லிக்கொடுத்து, சபையில் பிரசங்கமும் செய்து, முப்பத்தோரு வருஷம் அந்தக் கல்லூரியைத் தூக்கிச் சுமந்த மனிதர்.

சனிக்கிழமை சபைக் கூட்டத்தில் லெமுவேல்தான் தலைமை.

"சகோதரர் டால்பர்ட், நாளைக்குக் காலைல ஆத்துல நம்ம போதகர் கையால ஒரு தரம் முழுகி ஏறிடுங்க. கல்லூரி எப்பவும்போல உங்க கையிலதான். ஒரு நிமிஷ வேலை."

"ஒரு நிமிஷ வேலைதான் லெமுவேல். ஆனா அன்னிக்கு நான் கடவுள்கிட்ட கொடுத்த வார்த்தை பொய்யின்னு ஆயிடுமே. அத என் வாயால சொல்ல மாட்டேன்."

"வீம்பு பிடிக்காதீங்க."

"வீம்பு இல்லப்பா. என்னால முடியல."

கைகள் உயர்ந்தன. நாற்பத்திரண்டு பேர். அவரைச் சபையிலிருந்து நீக்கியாயிற்று, கல்லூரியும் போயிற்று.

எங்கள் சபையில் பெண்கள் பாடலாம், பேசக் கூடாது. நான் எழுந்தேன்.

"லெமுவேல், உன்னை ஆத்துல முக்கினது யாரு?"

"சகோதரி, உட்காருங்க."

"யாருடா?"

அவன் மோட்டுவளையைப் பார்த்தான். கை தூக்கியவர்களில் முப்பது பேருக்குமேல் என் கணவர் கையால் முழுகியவர்கள். மார்கழிக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொருவன் மூக்கையும் பொத்தி முக்கி எடுத்தார். அவர் கை செல்லாத கை என்றால், இவர்கள் யாருமே முழுகவில்லை. டீக்கன் டீக்கனே இல்லை.

அதைச் சொன்னேன். முகங்கள் வெளிறின. இனி தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கால்மணி நேரம் குசுகுசுத்துவிட்டு லெமுவேல் தாளைப் பார்த்து வாசித்தான்: "மிஸ்டர் டால்பர்ட் அறியாமையால் கொடுத்த ஞானஸ்நானங்கள் அனைத்தும் செல்லும். அவர் பெற்றது மட்டும் செல்லாது."

சகோதரர் போய் மிஸ்டர் வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் பக்கத்தில் இன்னொரு கையும் உயர்ந்தது. தான் முக்கி எடுத்த பிள்ளைகள் ஒருவர்கூட சபைக்கு வெளியே நிற்கக் கூடாது என்று என் கணவருக்குக் கவலை.

"கைய இறக்குங்க, மிஸ்டர் டால்பர்ட். உங்களுக்கு ஓட்டு இல்ல."

இறக்கினார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவராகக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல மரத்தடியில் சாப்பாடு. பீச் பழம் வைத்து இரண்டு கேக் சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். லெமுவேல் தட்டோடு வந்து நின்றான். முதல் துண்டு எப்போதும் அவனுக்குத்தான்.

"உனக்கு எதுக்குடா என் கையால?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் மூடி எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் கேக்கை ஒரு வாய்கூடத் தொடவில்லை. கொல்லையில் பன்றிகளுக்குப் போட்டேன். போட்டது யார் கை என்று அவை கேட்கவில்லை.