இருபத்து மூன்றாவது பேர்

1959 ஆடி மாதம். மேலகரம் தர்ம ஆஸ்பத்திரியில் ரண ஜன்னி என்னும் டெட்டனஸுக்கு இரண்டு ஊசிகள் இருந்தன. ஒன்று பழையது, மற்றது மதராஸிலிருந்து புதிதாக வந்தது. எது பிழைக்க வைக்கும் என்று டாக்டர் பால்வண்ணநாதனுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஒரு நோட்டுப் போட்டிருந்தார். நோயாளியைக் கட்டிலில் கிடத்திய வரிசைப்படி பேரெழுத வேண்டும். ஒற்றைப்படைக்குப் புது ஊசி, இரட்டைப்படைக்குப் பழசு.

"நாம ஆள் பாத்துக் கொடுக்கக் கூடாது, அருமைநாயகம். வரிசைதான் சொல்லணும்" என்று கம்பவுண்டரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அருமைநாயகம் தலையாட்டுவார். ஆனால் புதுசுதான் நல்லது என்று அவர் மனசு ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. இல்லாவிட்டால் அவ்வளவு தூரத்திலிருந்து ரயிலேற்றி அனுப்புவார்களா?

அன்று காலை சாரலில் நனைந்தபடி வடகரையிலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. நெசவுக்கார பீர் மைதீன் தன் மகள் மெஹர் பானுவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒன்பது வயசு. காலில் ஆணி குத்தி, இப்போது தாடை பூட்டிவிட்டது. அவர் வாசற்படி ஏறும்போது பின்னாலேயே இன்னொரு வண்டி. மாடத்தி தன் புருஷன் சுடலையாண்டியைத் தனியாக இறக்க முடியாமல் கதறினாள். அவன் உடம்பு வில்லாக வளைந்து துடித்தது.

பீர் மைதீன் நின்றுவிட்டார். "யம்மா, அழாதீங்க. ஒங்க வீட்டுக்காரருக்குத்தான் ரொம்ப இழுக்குது. நீங்க முன்னால போங்க" என்று வழிவிட்டார்.

சுடலையாண்டியைத்தான் முதலில் கட்டிலில் கிடத்தினார்கள். நோட்டு வரிசைப்படி அவனுக்கு இருபத்து மூன்று, பிள்ளைக்கு இருபத்து நான்கு. நோட்டை விரித்த அருமைநாயகத்துக்குக் கை ஓடவில்லை. விட்டுக் கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்பார்களே, இந்த மனுஷன் நம் நோட்டாலா கெட்டுப்போவது? வந்தது அவர்தானே முதலில்? இருபத்து மூன்றில் மெஹர் பானு என்று எழுதினார். புது ஊசி பிள்ளைக்கும் பழசு சுடலையாண்டிக்கும் போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை இறந்துவிட்டது. எட்டாம் நாள் சுடலையாண்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

பிள்ளையைக் கொண்டுபோகும்போது பீர் மைதீன் அருமைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கொறை வைக்கலே, அண்ணாச்சி. டாக்டர் சொன்னாரு, எம்புள்ளைய அந்த நோட்டுல எழுதி வச்சிருக்கீங்கள்லா? அதப் பாத்தாவது இன்னொரு புள்ளைக்கு வழி தெரியட்டும்."

"வழி தெரியும் பாய்" என்றார் அருமைநாயகம்.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சுடலையாண்டி நடந்து வீட்டுக்குப் போன அன்று, டாக்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

"பழைய ஊசி போட்டிருந்தா பொழைச்சிருக்குமா சார்?"

"எனக்குத் தெரியாதுய்யா. தெரியாமத்தானே நோட்டே போட்டோம்." டாக்டர் சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு பேர் மேலும் கோடிழுத்தார். "நீரு கை வச்ச வரிசை. இந்த ரெண்டும் இனி கணக்குல சேராது."

"அந்தப் புள்ள செத்ததும் சேராதா?"

டாக்டர் பென்சிலை வைத்துவிட்டு வெளியே போனார். அருமைநாயகத்துக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிள்ளையின் உயிர் போனதற்கு மிச்சமிருந்த ஒரே பலனையும் அவர் கையாலேயே அழித்தாயிற்று.

பிள்ளைக்காக நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய சோற்றோடு பீர் மைதீன் வந்தார்.

"எம்புள்ள பேரு இருக்குல்லா அண்ணாச்சி? ஒரு தடவ காட்டுங்க."

அருமைநாயகம் நோட்டை விரித்தார். எழுத்துத் தெரியாத பீர் மைதீன், அவர் காட்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன, செவப்பா?"

அருமைநாயகம் நோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "முக்கியமான பேருக்கு டாக்டர் அப்படித்தான் கோடு போடுவாரு, பாய்."

பீர் மைதீனின் முகம் தெளிந்தது. நாற்பது நாளில் முதல் தடவையாக இருக்கும். "அவ உம்மா வெளிய நிக்கா. புள்ள சாவு வீண் போகலேன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கா, சும்மா ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நெனைக்கா. நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க."

அருமைநாயகம் நோட்டை மூடிவிட்டு எழுந்து, அவர் பின்னால் நடந்தார்.