இறம்பொடைக்குப் போகாத நாள்

சுலக்ஷனா தன் நீலச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள்.

"பஸ் ஓடலயாம்டி. வழியில மண்ணு சரிஞ்சிருக்காம். இறம்பொடை அருவியப் பாக்க அடுத்த லீவுக்குப் போவோம், என்ன?" என்றாள் ஜீவராணி.

"சரிம்மா."

மகளின் முகம் வாடவில்லை. அதுதான் ஜீவராணியை உறுத்தியது. பதினொரு வயதுப் பிள்ளை அழுது அடம்பிடித்திருந்தால் சமாதானம் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும். அம்மா வருவாள், அம்மா கூட்டிக்கொண்டு போவாள் என்பதெல்லாம் நடந்தால்தான் உண்டு என்று அவள் எப்போதோ பழகிவிட்டிருந்தாள்.

ஆகஸ்ட் லீவு என்றால் டிக்கோயாப் பக்கம் மழைதான். இரவு முழுக்க லயத்து வரிசை வீடுகளின் தகரக்கூரை மேல் கொட்டியது விடிந்தும் விடவில்லை. எதிரே இருந்த தேயிலை மலை முழுவதும் மூட்டத்துக்குள் போயிருந்தது. கணவன் முத்துலிங்கத்துக்கு நானுஓயாவில் மரக்கறித் தோட்டத்து வேலை, சனிக்கிழமைதான் வருவான். பிள்ளைகளை வளர்க்கும் நாத்தனார் நாகலெட்சுமி, "இன்னிக்கு ஒருநாளாச்சும் ஒங்கம்மாகிட்ட இருங்க" என்று சொல்லிவிட்டு, மழையோடு மழையாகக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள்.

ஜீவராணிக்கு வேலை கொழும்பில், வெள்ளவத்தையில். வங்கியில் வேலை பார்க்கும் ஹப்ஸாவின் மகன் இர்ஷாத்தைக் கைக்குழந்தையாக வாங்கியவள், மூன்று வருடமாக அவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை. அவள் போகும்போது தன்னுடைய விஜிதரனுக்கு இரண்டு வயது. இப்போது ஐந்து.

முந்தின இரவு இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில்தான் படுத்திருந்தாள். தூக்கம் வரவில்லை. நாளை மறுநாள் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் இர்ஷாத்தைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் நெஞ்சு இளகிக் கண்ணும் அயர்ந்துவிட்டது. விடிந்ததிலிருந்து அதை நினைத்து நினைத்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளைகளின் மூச்சு இரண்டு பக்கமும் பட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வந்தது வேறொரு பிள்ளையின் ஏக்கம்.

மத்தியானத்துக்கு ஈரவிறகை ஊதி ஊதிச் சோறாக்கினாள். முட்டை அவித்து, பருப்பு ஊற்றிக் குழையப் பிசைந்து விஜியின் முன்னால் வைத்தாள். அவன் தட்டையும் அவளையும் பார்த்தான்.

"மஞ்சக்கரு எனக்குப் புடிக்காதும்மா."

"எப்ப இருந்துடா?"

"அவன் எப்பவுமே சாப்புட மாட்டான்" என்றாள் சுலக்ஷனா. "அத்தைக்குத் தெரியும்."

குத்திக்காட்டவில்லை. தெரியாதவர்களுக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஜீவராணி மஞ்சள்கருவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ஹப்ஸா.

"லீவுல தொந்தரவு செய்றேன்னு கொற நெனைக்காதீங்க ராணி. நேத்திலேருந்து இவன் ஒண்டும் தின்றான் இல்ல. ஒங்கட முகத்தைக் காட்டச் சொல்லி அழுவுறான்."

அழுது சிவந்த முகம் திரையை நிறைத்தது. "ராணிம்மா" என்றது.

"என் தங்கக்கட்டி, எதுக்கு அழுவுறீங்க? வாயத் தொறங்க. நம்ம காக்கா கப்பல்ல ஏறிருச்சில்ல? சோறு இல்லாம அதுக்கு எப்புடிப் பசியாறும்..."

குரல் தானாகக் கனிந்துவிட்டது. கதையில் காக்காவுக்குத் தொப்பி போட்டாள், கப்பலைச் சங்கு ஊத வைத்தாள். தகரத்துச் சத்தம், புகை, அறை எல்லாம் மறந்துபோயிற்று. இர்ஷாத் ஒவ்வொரு வாயாக வாங்கி முடித்துச் சிரித்த பிறகுதான் போனை வைத்தாள்.

நிமிர்ந்தபோது இரண்டு பிள்ளைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலை அவர்கள் கேட்டதில்லை.

சுலக்ஷனா எழுந்து தன் தட்டைக் கழுவ வாசலுக்குப் போனாள். விஜி தட்டோடு நகர்ந்து வந்து அம்மாவின் முழங்காலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அந்தக் காக்கா பொறகு எங்கம்மா போச்சு?"

அவள் சோற்றை உருட்டினாள். "கப்பலு நடுக்கடலுக்குப் போச்சா... அங்க ஒரு பெரிய மீனு. அது என்னா கேட்டுச்சு தெரியுமா இர்ஷாத்து..."

"நான் விஜி."

கோபமில்லை. புதிதாக வந்த டீச்சரிடம் பேர் சொல்வதுபோலச் சொன்னான். கையில் இருந்த உருண்டை உதிர்ந்தது.

"ஆமா சாமி. நீ விஜி."

"ம். சொல்லு." அவன் வாயைத் திறந்தான்.

உங்களுக்காகத்தானே நான் அங்கே கிடக்கிறேன் என்று மூன்று வருடமாகப் போனில் சொல்லி வந்ததை இப்போதும் சொல்லப் பார்த்தாள். மீனின் கதையைத்தான் சொன்னாள்.

கதை பாதியில் இருக்கும்போது சுலக்ஷனா உள்ளே வந்தாள். சாப்பிட்டு முடித்தவள்தான். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி மென்றுகொண்டிருந்த நேரம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

ஜீவராணி சோற்றை அள்ளினாள். தட்டின் ஓரத்தில் கொச்சிக்காய்ச் சம்பல் சிவந்து கிடந்தது. மகள் காரம் சாப்பிடுவாளா, மாட்டாளா? கை சம்பலுக்கும் சோற்றுக்கும் நடுவில் நின்றது. சுலக்ஷனா கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.