காய்ச்சல் வராத பிள்ளை

பதினோரு நாளாக இருமல். ஒவ்வொரு முறையும் மூச்சை இழுக்க முடியாமல் நான்கு மாதப் பிள்ளையின் முகம் நீலம் பாரித்தது.

"கக்குவான் மாதிரி இருக்கு. முத்தடுப்பு ஊசி மூணும் போட்டாச்சா?" என்று கேட்டார் கூடலூர் டாக்டரம்மா.

"போட்டாச்சுங்க," என்றான் சுரேந்திரன். "மொத ஊசிக்குத்தான் காய்ச்சல். மத்த ரெண்டுக்கும் ஒண்ணுமே இல்லைங்க. எங்கப்பா மாதிரி கெட்டி உடம்புன்னு லயத்து வீடு வீடா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவன் மனைவி ராஜகுமாரி பிள்ளையின் காலைப் பிடித்தபடி நின்றாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், காய்ச்சல் அடிக்கும் பிள்ளையை ஆயா வாங்கமாட்டாள். முதல் ஊசி போட்ட வாரம் அவள் பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டாள். மேஸ்திரி அவளுடைய வேலை நாட்களை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

பிள்ளை மறுபடி இருமினான். இம்முறை மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது.

"கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்க. போய்ச் சேருற வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "மூணு ஊசியும் போட்ட பிள்ளைக்கு இந்த அளவுக்கு வராதேம்மா. அங்கயும் இதைத்தான் மொதல்ல கேப்பாங்க."

"சொல்லு ராஜி," என்றான் சுரேந்திரன். "நீதானே தூக்கிட்டுப் போன."

ராஜகுமாரி அவனைப் பார்க்கவில்லை.

"மொத ஊசியோட நிறுத்திட்டேன்," என்றாள்.